ஓவியம் ஓரிடம், சட்டகம் ஓரிடம்

இரவல் கேட்டு வந்த ஒரு படிவத்தில்தான் இது தொடங்கியது. வேறோர் அருங்காட்சியகம் எங்களிடமிருந்த ஓர் எண்ணெய் வண்ண ஓவியத்தைத் தன் கண்காட்சிக்குக் கேட்டிருந்தது. படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் "சட்டகத்துடன் சேர்த்த அளவு, எடை" என்று ஒரு கட்டம் இருந்தது. தரவுத்தளத்தைத் திறந்து பார்த்தேன். ஓவியத்தின் உயரமும் அகலமும் மில்லிமீட்டர் வரை எழுதப்பட்டிருந்தன. சட்டகத்தைப் பற்றியோ, விளக்கக் குறிப்பின் கடைசி வரியில் "தங்கப் பூச்சுச் சட்டகம், பழையது" என்ற நான்கு சொற்கள் மட்டுமே இருந்தன. நேரில் அளந்துவிடலாம் என்று இருப்பறைக்குப் போனால், ஓவியம் அங்கே இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அது பராமரிப்புக் கூடத்துக்குச் சென்றிருந்தது. அந்த நகர்வு நாளோடும் கையெழுத்தோடும் முறையாகப் பதிவாகியும் இருந்தது. கூடத்தில் ஓவியம் சட்டகம் இல்லாமல் சாய்மேசையில் நின்றது. சட்டகம் எங்கே என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று இடம் சொன்னார்கள்.

11 நாள் தேடினோம். கடைசியில் பொதிபெட்டிகள் வைக்கும் அறையில், ஒரு பெரிய கண்ணாடித் தகட்டுக்குப் பின்னால், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்ற நிலையில் அது அகப்பட்டது. பின்பக்கத்தில் சுண்ணக்கட்டியால் "பெரிய அறை, இடது" என்று எழுதியிருந்தது. எந்தப் பெரிய அறை, எங்கே நின்று பார்த்தால் இடது என்பதெல்லாம் எழுதியவருக்கு மட்டுமே தெரியும். அவர் ஓய்வுபெற்றுப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. அது அந்த ஓவியத்தின் சட்டகம்தான் என்று உறுதி செய்வதற்கே பழைய காட்சிக்கூடப் புகைப்படம் ஒன்றைத் தேடியெடுத்து, மூலை வேலைப்பாட்டில் உடைந்திருந்த ஓர் இலையை ஒப்பிட வேண்டியிருந்தது.

தொகுப்புப் பதிவுகளைப் பராமரிப்பது என் வேலை என்பதால், இந்தத் தவற்றுக்கு வேறு யாரையும் கைகாட்ட வழியில்லை. ஓவியத்தை நகர்த்தியவர் விதிப்படியே நடந்திருந்தார். ஓவியத்துக்கு எண் உண்டு, எண்ணுக்கு இடம் உண்டு, இடம் மாறினால் அதற்குப் பதிவு உண்டு. சட்டகத்துக்கு எண்ணே இல்லாததால், அது நகர்ந்ததை எழுத ஓர் இடமும் இல்லை. எங்கள் தரவுத்தளம் சட்டகத்தை ஒரு பொருளாகவே கருதவில்லை. ஓவியத்துக்கு முன்னால் போடும் ஒரு பெயரடையாகத்தான் வைத்திருந்தது. "கையெழுத்துடையது", "தேதியிட்டது" என்பவற்றோடு "சட்டகமிட்டது" என்பதும் ஓவியத்தின் தன்மைகளுள் ஒன்றாக நின்றது. ஓர் ஓவியம் ஒரு சட்டகத்துக்குள் இருப்பது ஒரு நாளில் தொடங்கி வேறொரு நாளில் முடியக்கூடிய நிகழ்வு என்பதும், நிகழ்வுக்கு உரிய முறையில் அதைப் பதிய வேண்டும் என்பதும் எனக்குப் புரிய இன்னும் சில தவறுகள் தேவைப்பட்டன.

(ஒரு சொல் விளக்கம். வேலைத்தளத்தில் நாங்கள் எல்லோரும் ஃப்ரேம் என்றுதான் சொல்வோம். எழுதும்போது "சட்டம்" என்றால் இரவல் ஒப்பந்தங்களைப் படிப்பவர்கள் வேறு பொருள் கொள்கிறார்கள். ஆகவே இங்கே "சட்டகம்" என்றே எழுதுகிறேன்.)

ஓவியத்தையும் சட்டகத்தையும் ஒன்றாகக் கருதும் பழக்கம் எவ்வளவு தவறானது என்பதை அருங்காட்சியகங்களின் வரலாறே காட்டுகிறது. 1911 ஆகஸ்ட் 21 அன்று லூவரிலிருந்து மோனா லிசாவைக் கொண்டுபோன வின்சென்சோ பெரூஜா, சட்டகத்தையும் கண்ணாடியையும் ஒரு மாடிப்படியிலேயே விட்டுச் சென்றார். 1990 மார்ச் 18 அன்று பாஸ்டன் நகரின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் அருங்காட்சியகத்தில் 13 படைப்புகள் களவு போனபோது, கலிலேயக் கடலின் புயலைக் காட்டும் ரெம்ப்ராண்டின் ஓவியம் சட்டகத்திலிருந்து வெட்டியெடுக்கப்பட்டது. அதன் வெற்றுச் சட்டகம் இன்றும் அதே அறையில் தொங்குகிறது. என் வேலைக்கு மிக நெருக்கமான கதை லெனின்கிராடின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துடையது. 1941இல் ஜெர்மானியப் படை நெருங்கியபோது அங்கிருந்தவர்கள் ஓவியங்களைக் கழற்றி, ரயிலில் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகருக்கு அனுப்பிவிட்டு, சட்டகங்களைச் சுவர்களிலேயே விட்டுவைத்தார்கள். முற்றுகைக் காலம் முழுவதும் அரங்குகளில் வெற்றுச் சட்டகங்கள் தொங்கின. அந்தப் புகைப்படங்களைப் பார்க்கும் பலருக்கும் துயரம் தோன்றும். எனக்கு அதோடு வேறொன்றும் தோன்றுகிறது: ஓவியம் இல்லாதபோதும் அதன் இடத்தைச் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பதிவேடாகவே அந்தச் சுவர்கள் இருந்தன.

இனி, நாங்கள் செய்ததற்கு வருகிறேன். முதலில் எளிய வழியைத்தான் எடுத்தோம். ஓவியத்தின் பதிவெண் 1958.14 என்றால், அதன் சட்டகத்துக்கு அதே எண்ணோடு "ச" சேர்த்து 1958.14ச என்று கொடுத்தோம். பார்த்தவுடன் எதன் சட்டகம் என்று தெரியும், புதிய எண் வரிசை தேவையில்லை, மென்பொருளில் ஓவியத்தின் உட்கூறாகச் சேர்த்தால் போதும். டிஎம்எஸ் போன்ற பெரிய தொகுப்பு மென்பொருள்களில் ஒரு பொருளின் உட்கூறுகளுக்குத் தனித்தனி இருப்பிடம் கொடுக்கும் வசதி உண்டு என்பதால், முதல் நாளின் சிக்கல் இதனாலேயே தீர்ந்துவிட்டது போலத் தோன்றியது. சட்டகங்கள் ஒருபோதும் மாறாத தொகுப்பாக இருந்தால் இந்த முறையே போதும் என்று இப்போதும் சொல்வேன்.

எங்கள் தொகுப்பு அப்படிப்பட்டதில்லை. சில மாதங்களிலேயே காப்பாட்சியர் ஒருவர் இரண்டு ஓவியங்களுக்குச் சட்டகங்களை மாற்றினார்; காலத்துக்குப் பொருந்தாத கனத்த சட்டகத்தைக் கழற்றி, பொருத்தமானதை இட்டார். அவர் செய்தது சரியான முடிவு. ஆனால் அதன் பிறகு 1958.14ச என்ற எண்ணுடைய சட்டகம் 1963.7 என்ற ஓவியத்தைச் சுற்றிக்கொண்டு நின்றது. எண்ணை மாற்றினால் பொருளின் நிலையைக் குறித்த பழைய அறிக்கைகளும் புகைப்படக் கோப்புகளும் வழிதவறும். மாற்றாவிட்டால் எண் நாள்தோறும் ஒரு பொய்யைச் சொல்லும். நாங்கள் மாற்றவில்லை. அடுத்த கணக்கெடுப்பில் புதிய உதவியாளர் ஒருவர் அந்தச் சட்டகத்தின் எண்ணைப் படித்துவிட்டு, 1958.14 ஓவியம் அந்தச் சுவரில் இருப்பதாக நல்லெண்ணத்தோடு பதிவு செய்தார். தரவுத்தளத்தில் அந்த ஓவியம் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருந்தது.

அதன் பிறகு சட்டகங்களுக்குத் தனி எண் வரிசை தொடங்கினோம். எந்த ஓவியத்தையும் குறிக்காத, எந்த ஆண்டையும் குறிக்காத, வெறும் தொடர் எண். இதற்கு எதிர்ப்பு இருந்தது. எண்ணைப் பார்த்ததும் எதுவும் புரியவில்லை என்றார்கள். எண்ணைப் பார்த்து எதையும் புரிந்துகொள்ளக் கூடாது, பதிவைத் திறந்துதான் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் பயன் என்று விளக்கச் சிறிது காலம் பிடித்தது.

எதற்கு எண் கொடுப்பது என்பதில் ஒரே ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டோம்: ஓவியத்தை விட்டுத் தனியாக நகர முடியும் என்றால் அதற்குத் தனி எண். ஐரோப்பாவின் பழைய மரப்பலகை ஓவியங்கள் சிலவற்றில் சட்டகமும் பலகையும் ஒன்றாகவே செய்யப்பட்டு, சுண்ணப் பூச்சு இரண்டின் மேலும் தொடர்ச்சியாக ஓடும். அவற்றைப் பிரித்து எண்ணிடுவது பொருளைத் தாளில் உடைப்பதற்குச் சமம். மறுபுறம், ஓவியரே செய்த சட்டகம் என்றாலும் அது கழற்றக்கூடியது என்றால் தனி எண் வேண்டும். அதோடு "ஓவியரின் சட்டகம், பிரிக்கக் கூடாது" என்ற எச்சரிக்கை பதிவின் தலையிலேயே தெரிய வேண்டும். வான் கோ 1887இல் தீட்டிய ஒரு பழ ஓவியம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. அதன் சட்டகத்துக்கும் அவரே மஞ்சள் வண்ணம் தீட்டினார். அத்தகைய ஒன்றை யாரோ ஒருவர் "மஞ்சள் மரச்சட்டகம்" என்று மட்டும் எழுதிவைத்தால், இன்னொருவர் அதைக் கழற்றிச் சாதாரணச் சட்டகங்களோடு அடுக்கிவிட எவ்வளவு நேரமாகும்?

எண்ணைவிட முக்கியமானது உறவு. ஓவியப் பதிவுக்கும் சட்டகப் பதிவுக்கும் இடையே ஒரு தொடர்பை மட்டும் போட்டுவிட்டு நிறுத்துவது எங்கள் இரண்டாவது தவறு. தொடர்பு இருக்கிறது என்பது தெரியும். எந்தக் காலத்துத் தொடர்பு என்பது தெரியாது. ஆகவே தொடர்புக்கே புலங்கள் சேர்த்தோம்: பொருத்திய நாள், கழற்றிய நாள், காரணம், செய்தவர், இந்தத் தொடர்பு எவ்வளவு உறுதியானது என்ற குறிப்பு. கலெக்டிவ்ஆக்ஸஸ் போன்ற திறந்தமூல மென்பொருளில் உறவின் மீதே இப்படிப் புலங்கள் அமைக்க முடியும். உங்கள் மென்பொருள் அதற்கு இடம் கொடுக்காவிட்டால், "சட்டகமிடல்" என்ற நிகழ்வுக்கென ஒரு தனிப் பதிவு வகையை உருவாக்கி, ஒரு பக்கம் ஓவியத்தையும் மறுபக்கம் சட்டகத்தையும் இணைக்கலாம். எங்கள் பழைய மென்பொருளில் முதல் இரண்டு ஆண்டுகள் அப்படித்தான் சமாளித்தோம். ஓர் ஓவியத்துக்குப் பல சட்டகங்களோடு தொடர்பு இருக்கலாம், ஆனால் கழற்றிய நாள் காலியாக உள்ள தொடர்பு ஒன்றுதான் இருக்க முடியும் என்பது விதி. சட்டகத்தின் பக்கத்திலிருந்தும் அதே விதி. ஒரே சட்டகத்தில் பல சிற்றோவியங்கள் அமைந்தவை மட்டும் விலக்கு. அவற்றுக்கு ஒரு குறியீடு தனியாக உண்டு.

இந்த விதியை மென்பொருளே காக்கும்படி செய்ததில் ஓர் எதிர்பாராத நன்மை கிடைத்தது. புதிய சட்டகத்தைப் பொருத்தியதாகப் பதிய முயன்றால், பழையதைக் கழற்றிய நாளைக் கேட்கும். கழற்றிய நாளைக் கொடுத்தால், கழற்றிய சட்டகம் இப்போது எங்கே என்று கேட்கும். 11 நாள் தேட வைத்த அந்தக் கேள்வி, அதற்கு விடை தெரிந்த ஒருவர் எதிரில் இருக்கும் தருணத்திலேயே கேட்கப்பட்டுவிடுகிறது.

யார் பதிவது என்பதும் சிறிய விஷயமாகத் தோன்றும், ஆனால் அங்கேதான் திட்டங்கள் சாகின்றன. தொடக்கத்தில் சட்டகமிடுபவர் ஒரு தாளில் குறிப்பெழுதிக் கொடுப்பார், நான் மாலையில் ஏற்றுவேன். எங்கள் மூத்த சட்டகக்காரர் தாளைப் பார்த்து, "இதை எழுதி முடிப்பதற்குள் நான் இரண்டு படத்தைப் பொருத்திவிடுவேன், தம்பி" என்றார். அவர் சொன்னது உண்மை. தாளில் 22 கட்டங்கள் இருந்தன. ஒரு கைக்கருவியை அவர் மேசையருகே வைத்து, ஓவியத்தின் பார்கோடு, சட்டகத்தின் பார்கோடு, "பொருத்தினேன்" அல்லது "கழற்றினேன்" என்று மூன்று செயல்களாகச் சுருக்கியபின் அவர் குறை சொல்லவில்லை. ஆணியை அடிப்பவரே பதிவையும் செய்தால்தான் பதிவு நிற்கும். மற்றவர்கள் செய்வது செவிவழிச் செய்தி.

இருப்பிடத்தைப் பற்றி ஒரு தனி எச்சரிக்கை. அருங்காட்சியகத் தொகுப்புகளைப் பராமரிப்பதற்காகப் பிரிட்டனின் கலெக்ஷன்ஸ் டிரஸ்ட் வெளியிடும் ஸ்பெக்ட்ரம் நெறிமுறையில், இருப்பிடம் மற்றும் நகர்வுக் கட்டுப்பாடு முதன்மையான ஒன்பது நடைமுறைகளுள் ஒன்று. அதைச் சட்டகத்துக்கும் பொருத்தும்போது, ஓவியம் நகர்ந்தால் சட்டகமும் தானாக நகர்ந்ததாகக் கொள்ளலாமா என்ற கேள்வி எழும். நாங்கள் கொள்ளலாம் என்றோம். ஒருநாள் நாற்பதுக்கும் மேற்பட்ட ஓவியங்களைச் சட்டகம் கழற்றி, புகைப்படம் எடுக்கும் அறைக்குக் கொண்டுபோனார்கள். தொகுப்பாக நகர்வைப் பதிந்தபோது எல்லாச் சட்டகங்களும் தரவுத்தளத்தில் அந்த அறைக்குப் போய்விட்டன, நிஜத்தில் இருப்பறைத் தரையில் சாய்ந்து நின்றன. தானாக நகர்த்தக் கூடாது என்று மாற்றினால் வேறு வினை: சுவரில் ஓவியத்தோடு தொங்கும் சட்டகம் தரவுத்தளத்தில் இன்னும் அலமாரியில் இருக்கும். முடிவில், பொருத்திய நிலையில் உள்ள சட்டகத்துக்குத் தனி இருப்பிடமே கொடுப்பதில்லை; அது ஓவியத்தின் இருப்பிடத்தைக் காட்டும், அவ்வளவுதான். கழற்றினேன் என்று பதிந்த கணத்தில்தான் அதற்குச் சொந்த இருப்பிடம் பிறக்கிறது. ஒரே செய்தியை இரண்டு இடத்தில் எழுதிவைத்துவிட்டு இரண்டும் ஒத்துப்போக வேண்டும் என்று காத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அளவுகளில்தான் நான் அதிகம் அடிபட்டேன். சட்டகத்துக்கு ஓர் அளவு என்று எதுவும் இல்லை; குறைந்தது மூன்று உண்டு. வெளி அளவு என்பது விளிம்பு முதல் விளிம்பு வரை. ரிபேட் அளவு என்பது ஓவியம் அமர்வதற்காகப் பின்பக்க உள்விளிம்பில் வெட்டிய பள்ளத்தின் அளவு. பார்வை அளவு என்பது முன்பக்கமிருந்து ஓவியத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியின் அளவு. பள்ளத்தின் உதடு ஓவியத்தின் ஓரத்தைச் சிறிது மறைப்பதால் இது ஓவியத்தைவிடச் சிறியதாகவே இருக்கும். பழைய பதிவேடுகளில் இவற்றுள் எதை அளந்தார்கள் என்று எழுதியிருக்கவில்லை. சட்டகத்திலிருந்து கழற்றாமலே பார்வை அளவை எடுத்து, அதை ஓவியத்தின் அளவாக எழுதிய பதிவுகளும் எங்களிடம் கணிசமாக இருந்தன. ஆகவே எண்ணுக்குப் பக்கத்தில் அளவின் வகையைக் கட்டாயப் புலமாக்கினோம். வகை தெரியாத பழைய அளவுகளை நீக்கவில்லை. "வகை அறியப்படவில்லை" என்று முத்திரையிட்டு வைத்தோம்.

கையால் செய்த பழைய சட்டகம் சரியான செவ்வகமாக இருக்காது. மூலைக்கு மூலை சில மில்லிமீட்டர் மாறும். மூன்று இடங்களில் அளந்து, ரிபேட்டுக்குச் சிறிய எண்ணையும் வெளி அளவுக்குப் பெரிய எண்ணையும் எழுதுங்கள் என்பேன். ஓவியம் மிகக் குறுகிய இடத்திலும் நுழைய வேண்டும்; பொதிபெட்டி மிக அகன்ற இடத்தையும் கொள்ள வேண்டும். சராசரி யாருக்கும் பயன்படாது. பள்ளத்தின் ஆழத்தையும் எழுதுங்கள். கண்ணாடி, இடைப்பட்டை, ஓவியம், பின்பலகை எல்லாம் சேர்ந்து அதற்குள் அடங்குமா என்பதை அந்த ஓர் எண்தான் சொல்லும். எடையைக் கணக்கிடும்போது கண்ணாடியை மறக்கக் கூடாது: 1 மில்லிமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2.5 கிலோ, அக்ரிலிக் அதில் பாதிக்கும் குறைவு. 4 மில்லிமீட்டர் கண்ணாடி இட்ட, ஒன்றரைச் சதுர மீட்டர் படமென்றால் கண்ணாடி மட்டுமே 15 கிலோ. கொக்கி தாங்குமா, இருவர் தூக்கலாமா என்பதெல்லாம் இதில் அடங்கியிருக்கிறது.

எங்களை மிகவும் ஏமாற்றிய பிழை அளவெடுப்பதில் நேர்ந்ததன்று, பழைய அளவுகளை ஏற்றுவதில் நேர்ந்தது. பழைய அட்டைகளில் அங்குலத்திலும் பின்னத்திலும் எழுதியிருந்தார்கள்: 24 1/8 என்பது போல. யாரோ அவற்றை எக்செல் தாளில் தட்டச்சு செய்து, இடைவெளிகளைத் துப்புரவாக நீக்கி, தரவுத்தளத்துக்குள் ஏற்றினார்கள். 24 1/8 என்பது 241/8 ஆனது. மென்பொருள் அதை வகுத்து 30.125 என்று சேமித்தது. 61.3 சென்டிமீட்டர் உயரமுள்ள சட்டகம் 76.5 சென்டிமீட்டர் ஆகிவிட்டது. அபத்தமான எண்ணாக இருந்திருந்தால் யாராவது உடனே கண்டுபிடித்திருப்பார்கள். 30 அங்குலம் என்பது ஓவியத்துக்கு முற்றிலும் இயல்பான அளவு என்பதால் ஓராண்டுக்கும் மேல் அது ஒளிந்திருந்தது. பொருந்தும் என்று நம்பி எடுத்துவந்த சட்டகத்தின் நடுவே ஓவியம் மிதந்தபோதுதான் வெளிப்பட்டது. அன்றிலிருந்து ஏற்றிய தரவில் ஐம்பதில் ஒன்றையாவது பொருளின் அருகே போய் நாடாவால் சரிபார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை.

எண்ணை எங்கே எழுதுவது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒட்டுத்தாள் வேண்டாம், பசை மரத்தில் ஊறும், காய்ந்தால் உதிரும். மரத்தின் பின்பக்கத்தில், எல்லாச் சட்டகத்திலும் ஒரே மூலையில், பாராலாய்டு பி-72 என்ற நிறமற்ற அக்ரிலிக் பிசின் பூச்சின் மேல் மையால் எழுதி அதன் மேல் இன்னொரு பூச்சு இடலாம். அமிலமற்ற அட்டையில் பார்கோடு அச்சிட்டுப் பருத்தி நாடாவால் கட்டலாம். நாங்கள் இரண்டையும் செய்கிறோம், நாடா அவிழும் என்பதால். தங்க ரேக்கு ஒட்டிய முன்பக்கத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. பருத்திக் கையுறையும் பெயர்ந்த வேலைப்பாட்டில் சிக்கி இழுக்கும். நைட்ரைல் கையுறையே நல்லது.

ஆனால் பின்பக்கத்தில் ஏற்கெனவே இருப்பவற்றைப் பற்றி விரிவாகச் சொல்லியாக வேண்டும். பழைய சட்டகத்தின் முதுகு ஒரு கடவுச்சீட்டைப் போன்றது: சட்டகம் செய்தவரின் சீட்டு, வணிகரின் இருப்பு எண், கண்காட்சிச் சீட்டுகள், சுங்க முத்திரை, பென்சில் கிறுக்கல்கள். எல்லாவற்றையும் ஒளிப்படம் எடுத்து, உள்ளபடியே எழுத்தெழுத்தாகப் படியெடுத்து, சட்டகத்தின் பதிவில் சேர்க்கிறோம். ஓவியத்தின் பதிவில் சேர்ப்பதில்லை. இந்த வேறுபாடு வெறும் ஒழுங்குக்காக மட்டும் அன்று. ஆய்வாளர் ஒருவர் எங்கள் ஓவியம் ஒன்றின் உரிமை வரலாற்றை எழுதும்போது, பின்புறத்திலிருந்த ஒரு கண்காட்சிச் சீட்டை ஆதாரமாகக் கொண்டு, அந்த ஓவியம் இன்ன ஆண்டில் இன்ன இடத்தில் இருந்தது என்று எழுதினார். சீட்டு சட்டகத்தில் ஒட்டியிருந்தது. சட்டகமோ அதற்கு வெகுகாலத்துக்குப் பின் வேறோர் ஓவியத்திலிருந்து எடுத்துப் பொருத்தப்பட்டது. 1933 முதல் 1945 வரையிலான காலத்தில் ஐரோப்பாவில் கைமாறிய ஓவியங்களின் உரிமையைத் தேடுகிறவர்களுக்கு, அதுவும் நாஜிகள் பறித்த கலைப்பொருள்களைப் பற்றிய 1998இன் வாஷிங்டன் கோட்பாடுகளுக்குப் பிறகு, இத்தகைய ஒரு சீட்டின் மீதே வழக்கு நிற்கக்கூடும். சட்டகத்தை மாற்றிய நாளைப் பதியாத அருங்காட்சியகம், அறியாமலே பொய்ச்சான்று ஒன்றைச் சுவரில் மாட்டிவைத்திருக்கிறது. பின்பலகையை மாற்றும்போது பழைய பலகையைச் சீட்டுகளோடு தூக்கியெறிவதும் இதே வகைக் குற்றம்தான். பலகைக்கும் இப்போது எண் கொடுக்கிறோம்.

சட்டக வகைகளுக்குப் பெயர் வைக்கும் வேலையில் நாங்கள் பேராசைப்பட்டோம். அமெரிக்காவின் கெட்டி நிறுவனம் கலை, கட்டடக்கலைச் சொற்களுக்காக வெளியிடும் ஏஏடி சொற்களஞ்சியத்தை எடுத்துக்கொண்டு, பாணி, காலம், நாடு, மூலை இணைப்பு, வேலைப்பாட்டின் பெயர் என்று 40 புலங்கள் அமைத்தோம். நிபுணர் அல்லாத மூவர் ஒரே சட்டகத்துக்கு மூன்று பாணி எழுதினார்கள். அதோடு ஒரு வேடிக்கையும் நடந்தது. சட்டகப் பாணிகள் சிலவற்றுக்கு ஓவியர்களின் பெயர் வழங்குகிறது: சால்வதோர் ரோசா சட்டகம், கார்லோ மராத்தா சட்டகம், விஸ்லர் சட்டகம். பொதுமக்கள் தேடும் பக்கத்தில் "சால்வதோர் ரோசா" என்று தட்டிய ஒருவருக்கு எங்களிடமிருந்த வெற்றுச் சட்டகங்கள் அவருடைய படைப்புகளாக வரிசையாக வந்து நின்றன. பாணியின் பெயரை ஆள் பெயர்களின் பட்டியலோடு இணைத்ததால் வந்த வினை. இப்போது எங்களுக்கு 14 புலங்கள் போதுமாக இருக்கிறது. பாணிப் புலத்தை அறிந்தவர் நிரப்பட்டும் என்று காலியாக விட்டுவிட்டு, நான்கு மூலைகளின் படமும் குறுக்குவெட்டுக் கோட்டுருவமும் கட்டாயம் என்று வைத்தோம். நல்ல படம் இருந்தால் பெயரைப் பிறகு சூட்டலாம்; தவறான பெயர் இருந்தால் படத்தை யாரும் பார்ப்பதில்லை.

தாள்வழிப் படைப்புகளுக்குப் பயன்படும் ஒரே அளவான சட்டகங்களுக்கு இத்தனை பாடு தேவையில்லை. அவை கருவிகள், ஆண்டுக்கு மூன்று முறை உள்ளிருக்கும் படம் மாறும். எண்ணும், ரிபேட் அளவும், கண்ணாடியின் வகையும், இப்போது உள்ளே இருப்பது என்ன என்பதும் போதும். பழைய தொடர்புகளையும் அழிக்காமல் வைத்திருங்கள்: ஒரு படத்தின் ஓரம் மஞ்சளாகியிருப்பதாகக் கண்டால், அது எந்தச் சட்டகத்தில் எத்தனை மாதம் இருந்தது, அதே சட்டகத்தில் பின்னர் இருந்தவை எவை என்று தேட வேண்டிவரும்.

எண்ணிடும் வேலை முடிந்தபோது, எந்த ஓவியத்தோடும் சேராத சட்டகங்கள் ஓர் அறை நிறைய மிஞ்சின. அவற்றைக் குப்பை என்று சொன்னவர்களும் உண்டு. காலத்தால் மதிப்புயர்ந்த சட்டகங்கள் தனியே விற்கப்படுவதும், அருங்காட்சியகங்கள் அவற்றையே சேகரிப்பதும் தெரிந்த பின் அந்தப் பேச்சு அடங்கியது. ரிபேட் அளவைவிடச் சிறிது குறைவான ஓவியங்களைத் தேடும் ஒரு வினவலை எழுதினோம். உயரத்தையும் அகலத்தையும் மாற்றியும் தேட வேண்டும், ஏனென்றால் பாதி அட்டைகளில் அவை மாறிக் கிடந்தன. அது கொடுக்கும் பட்டியல் தொடக்கம் மட்டுமே. அதன் பிறகு பள்ளத்தின் உட்சுவரில் உள்ள ஆணித் துளைகளை ஓவியத் துணியை இழுத்து அடித்திருக்கும் மர உட்சட்டத்தின் ஓரத்துத் துளைகளோடு ஒப்பிட வேண்டும். ஓவிய விளிம்பில் பள்ளத்தின் உதடு உரசிய தடம் எவ்வளவு அகலம் என்று பார்க்க வேண்டும். பழைய கூடப் புகைப்படங்களைப் புரட்ட வேண்டும். தொடர்பின் உறுதியை மூன்று படிகளாக வைத்திருக்கிறோம்: உறுதி, பெரும்பாலும், ஊகம். அளவு ஒத்துப்போவது மட்டும் எப்போதும் ஊகம்தான். ஊகத்தை மேலே ஏற்ற வேண்டுமானால், எந்தச் சான்றால் ஏற்றினோம் என்று எழுதாமல் மென்பொருள் அனுமதிக்காது.

அந்த அறையில் 212 என்ற எண்ணுடைய ஒரு சட்டகம் இருக்கிறது. கருநிறம், தங்கக் கோடு, கீழ்ப்பட்டையில் ஒரு பெயர்ப் பலகை இருந்து கழன்றதற்கான நான்கு சிறு துளைகள். சென்ற மாதம் புதிதாக அளந்த ஓர் உருவப்படத்தோடு அது பொருந்துவதாக வினவல் காட்டியது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்தோம். மேல்பக்கத் துளைகள் மூன்றும் நேர்கோட்டில் பொருந்தின, இடப்பக்கம் இரண்டும் பொருந்தின. மூத்த சட்டகக்காரர் சிரித்துக்கொண்டே பெயர்ப் பலகை செய்யச் சொல்லிவிடலாமா என்றார். வலப்பக்கத்தில் படத்தில் இருந்த துளைக்கு எதிரே சட்டகத்தில் பழைய மரம் வடுவில்லாமல் இருந்தது. இருவரும் வெகுநேரம் விளக்கைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தோம். பிறகு அவர் கைக்கருவியை எடுத்து இரண்டு பார்கோடுகளையும் வாசித்து, எதையும் பொருத்தாமல், "ஊகம்" என்று பதிந்தார். சான்றுக்கான கட்டத்தில் "வலப்பக்கத் துளை சேரவில்லை" என்று எழுதி, சட்டகத்தை மீண்டும் அலமாரியில் நிறுத்தினார்.